சுரங்கத்தில் ஒரு சுடர்

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் மின்படிகளில் இறங்கும்போது, நாம் நிலத்துக்கு அடியில் செல்கிறோம் என்பதே நினைவுக்கு வருவதில்லை. எங்கும் வெளிச்சம், மூச்சுவிட நல்ல காற்று. ஆனால், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கியவர்களுக்கு, வழிகாட்டிய விளக்கே எமனாகவும் மாறியது. அந்த நிலையை மாற்ற உழைத்தவர் ஹம்ப்ரி டேவி.

டேவி 1778ஆம் ஆண்டு பென்சான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை மரச்சிற்ப வேலை செய்தவர். தந்தை இறந்தபோது குடும்பம் கடனில் தவித்தது. மூத்த மகனான டேவி, ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கு மருந்துகளைக் கலக்கும்போது வேதியியலில் ஆர்வம் பிறந்தது. தாமாகவே படித்தும் சோதனைகள் செய்தும் அறிவை வளர்த்துக்கொண்டார். 1807ஆம் ஆண்டு, மின்சாரத்தின் உதவியால் பொட்டாசியம், சோடியம் ஆகிய தனிமங்களைப் பிரித்தெடுத்துப் புகழ்பெற்றார்.

1812ஆம் ஆண்டு ஃபெல்லிங் சுரங்கத்தில் பெரும் வெடிப்பு நேர்ந்தது. 92 பேர் மாண்டனர்; அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றுடன் கலந்து, விளக்கின் தீப்பட்டால் வெடித்துவிடும். விளக்கு இல்லாமலோ வேலை செய்ய முடியாது. இதற்குத் தீர்வு காணுமாறு 1815ஆம் ஆண்டு டேவியிடம் வேண்டினர்.

டேவி அந்த வாயுவை வரவழைத்து ஆராய்ந்தார். மிகச் சிறிய துளைகளின் வழியே தீ பரவுவதில்லை என்பதைக் கண்டார். உலோகம் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதே அதற்குக் காரணம். ஆகவே, விளக்கின் சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலையைப் பொருத்தினார். காற்று உள்ளே சென்றது. தீ வெளியே வரவில்லை. வாயு மிகுந்த இடத்தில் சுடர் நீல நிறம் காட்டி எச்சரிக்கவும் செய்தது. 1816ஆம் ஆண்டு இவ்விளக்கு சுரங்கத்தில் சோதிக்கப்பட்டது.

டேவி இதற்குக் காப்புரிமை பெறவில்லை. பணம் சேர்ப்பதைவிட உயிர்களைக் காப்பதே பெரிது என்று கருதினார். எனினும், அதே காலத்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற சுரங்கப் பொறியாளரும் ஒரு பாதுகாப்பு விளக்கை உருவாக்கியிருந்தார். முறையான கல்வி பெறாத ஒருவரால் அது முடியும் என்பதை டேவியால் ஏற்க இயலவில்லை. தாமும் எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும்!

டேவி 1829ஆம் ஆண்டு, தமது ஐம்பதாம் வயதில் மறைந்தார். அவருடைய விளக்கின் ஒளி மங்கலானது. வலை கிழிந்தால் ஆபத்தும் நேர்ந்தது. ஆயினும், பின்னர் வந்தவர்கள் அதையே மேம்படுத்தினர். பிறர் உயிரைக் காக்க ஏற்றப்பட்ட அந்தச் சுடர் அணையவில்லை.