வுல்டன் பிரபு

வுல்டன் பிரபு என அறியப்படும் பிரெடரிக் ஜேம்ஸ் மார்க்விஸ் (ஆகஸ்ட் 23, 1883 - டிசம்பர் 14, 1964) இங்கிலாந்தைச் சேர்ந்த வணிகரும் அரசியல்வாதியும் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஏப்ரல் முதல் 1943 நவம்பர் வரை, ஐக்கிய இராச்சியத்தின் உணவு அமைச்சராகப் பணியாற்றினார். போர்க்கால உணவுப் பங்கீட்டு முறையை விரிவாக்கி, அதைப் பொதுமக்கள் ஏற்கும்படி நடத்தியமை இவரது முதன்மையான பணியாகக் கருதப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

பிரெடரிக் மார்க்விஸ் இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியிலுள்ள சால்போர்டில் பிறந்தார். இவரது தந்தை குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை. மான்செஸ்டர் கிராமர் பள்ளியிலும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்ற பின்னர் சில காலம் கணித ஆசிரியராக இருந்தார்.

அதன்பின் லிவர்பூல் துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புப் பகுதியில் சமூகப் பணி நிலையம் ஒன்றின் பொறுப்பாளரானார். அங்கே தம் அடுத்த வீட்டுப் பெண் பட்டினியால் இறந்ததைப் பிற்காலத்தில் தமது நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். உணவு கிடைப்பதையும் அதை வாங்கும் திறனையும் சேர்த்தே நோக்கும் இவரது பார்வைக்கு இந்த லிவர்பூல் ஆண்டுகள் அடிப்படையாயின. 1912 இல் மாட் சிமித் என்பவரை மணந்தார்.

வணிக வாழ்க்கை

முதலாம் உலகப் போரில், உடல்நிலை காரணமாகப் படையில் சேர இயலாத இவர், அரசுப் பணியில் தோல் பொருட்கள் மற்றும் காலணி வழங்கலைக் கவனித்தார். 1920 இல் லூயிஸ் என்னும் பல்பொருள் அங்காடி நிறுவனத்தில் சேர்ந்து, 1936 இல் அதன் தலைவரானார். 1935 இல் சர் பட்டம் பெற்றார். 1938 இல் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக் கொண்டதைத் தொடர்ந்து, தமது அங்காடிகளில் ஜெர்மானியப் பொருட்களைப் புறக்கணிக்கப் போவதாக அறிவித்தார். அன்றைய அரசு இதனை விரும்பவில்லை.

1939 இல் பிரபு பட்டம் அளிக்கப்பட்டது. மார்க்விஸ் என்பது பிரித்தானியப் பிரபுக்களின் பட்ட நிலைகளில் ஒன்றின் பெயராகவும் இருந்தமையால் குழப்பம் நேரும் எனக் கருதி, லிவர்பூலின் புறநகர் ஒன்றின் பெயரான வுல்டன் என்பதைத் தமது பட்டப்பெயராக ஏற்றார்.

உணவு அமைச்சர்

போருக்கு முன் பிரித்தானியா ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடி தொன் உணவுப் பொருட்களை இறக்குமதி செய்து வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களைத் தாக்கியதால் இவ்வரத்து பெருமளவு குறைந்தது. ஜனவரி 8, 1940 இல் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரதமர் சேம்பர்லேன், எக்கட்சியையும் சாராத வுல்டனை உணவு அமைச்சராக்கினார். அடுத்த மாதம் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில் இவரை அப்பதவியிலேயே வைத்துக் கொண்டார்.

பங்கீட்டு முறை

ஒவ்வொருவருக்கும் பங்கீட்டுப் புத்தகம் வழங்கப்பட்டது. ஒருவர் தமக்குரிய பொருட்களை எந்தக் கடையில் வாங்குவார் என்பதை முன்னரே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தோர் எண்ணிக்கைக்கு ஏற்ப அக்கடைக்குச் சரக்கு அனுப்பப்பட்டது. இறைச்சி உண்ணாதவர்கள் அதற்கு ஈடாகக் கூடுதல் பாலாடைக்கட்டி பெறலாம். தேயிலை 1940 ஜூலை முதல் வாரத்துக்கு 2 அவுன்சு (சுமார் 57 கிராம்) என வரையறுக்கப்பட்டது. உருளைக்கிழங்கும் ரொட்டியும் போர் முடியும் வரை பங்கீட்டுக்குள் கொண்டுவரப்படவில்லை. பசித்தவர் வயிறு நிரம்ப இவையேனும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

தகரத்தில் அடைத்த இறைச்சி, மீன் போன்றவை அனைவருக்கும் சமமாகப் பங்கிடும் அளவுக்கு இல்லை. இவற்றுக்காக டிசம்பர் 1, 1941 முதல் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு நான்கு வாரங்களுக்கு 16 புள்ளிகள் தரப்பட்டன. அவற்றைக் கொண்டு விரும்பிய பொருளைத் தேர்ந்து கொள்ளலாம், விலையைத் தனியே செலுத்த வேண்டும். ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு மிகும்போது அதற்குரிய புள்ளிகளை அமைச்சு உயர்த்தியது, தேங்கும்போது குறைத்தது.

உணவகங்களில் உண்பதற்குப் பங்கீட்டுச் சீட்டு தேவைப்படவில்லை. இதனால் செல்வந்தர்கள் மட்டும் விரும்பியபடி உண்கின்றனர் என்ற குறை எழுந்தது. 1942 இல் ஒரு வேளை உணவுக்கு அதிகபட்சம் 5 சில்லிங் என அரசு வரம்பு விதித்தது. குறைந்த விலையில் உணவு வழங்கும் பிரித்தானிய உணவகங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. 1943 இல் இவற்றின் எண்ணிக்கை 2,000 ஐத் தாண்டியது.

தாய் சேய் நலம்

வேதியியலாளர் ஜாக் டிரம்மண்ட் அமைச்சின் அறிவியல் ஆலோசகராக இருந்தார். 1940 ஜூலையில் தொடங்கிய தேசியப் பால் திட்டம், கருவுற்ற பெண்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைண்ட் (சுமார் 570 மில்லிலீட்டர்) பாலைக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ வழங்கியது. 1941 டிசம்பர் முதல் மீன் எண்ணெயும் பழச்சாறும் வழங்கப்பட்டன. போரின் முடிவில் பிரித்தானியாவின் குழந்தை இறப்பு வீதம் போருக்கு முன்பிருந்ததை விடக் குறைந்திருந்தது.

மக்களிடையே வரவேற்பு

வுல்டன் வானொலியில் எளிய நடையில் பேசி, ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் காரணம் கூறினார். பிபிசி வானொலியில் காலைச் செய்திகளுக்குப் பின் சமையல் குறிப்புகள் ஒலிபரப்பாயின. இலண்டனின் சவோய் விடுதித் தலைமைச் சமையற்காரர் உருவாக்கிய காய்கறி உணவு ஒன்று வுல்டன் பை எனப் பெயர் பெற்றது. 1942 இல் வெள்ளை ரொட்டிக்குப் பதிலாக, தவிடு முழுதும் நீக்காத மாவில் செய்த தேசிய ரொட்டி வந்தது. கோதுமையின் 85 விழுக்காடு மாவாக்கப்பட்டதால் கப்பல் இடம் மிச்சமானது. ஆயினும் அதன் நிறத்தையும் சுவையையும் பலர் வெறுத்தனர். கள்ளச் சந்தையும் முற்றிலும் ஒழியவில்லை.

விமர்சனங்கள்

இந்தச் சமப் பங்கீடு பிரித்தானியத் தீவுகளுக்கு அப்பால் நீளவில்லை. அந்நாட்டு மக்களின் தேநீர், இந்தியா மற்றும் இலங்கைத் தோட்டங்களிலிருந்தே பெருமளவு சென்றது. இலங்கைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1942 இல் பர்மா யப்பானிடம் வீழ்ந்தபின் இலங்கைக்கும் வங்காளத்துக்கும் பர்மா அரிசி வருவது நின்றது. 1943 வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. தானியம் அனுப்பக் கப்பல்கள் கோரப்பட்டபோது இலண்டன் போர் அமைச்சரவை கேட்டதைவிட மிகக் குறைவாகவே ஒதுக்கியது. பிரித்தானியாவின் உணவு இருப்பைக் காப்பதற்கு அளிக்கப்பட்ட முன்னுரிமை இதற்கு ஒரு காரணம் என வரலாற்றாளர் சிலர் கூறுகின்றனர். எனினும் இம்முடிவு அமைச்சரவையின் கூட்டு முடிவாகும்.

பிற்காலம்

1943 நவம்பரில் மறுசீரமைப்பு அமைச்சராகிப் போர் அமைச்சரவையில் இடம் பெற்றார். வேலைவாய்ப்பு, தேசிய நலவாழ்வுச் சேவை, சமூகக் காப்பீடு ஆகியவை குறித்த 1944 ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கைகள் இவரது பொறுப்புக் காலத்தில் வெளியாயின. 1945 தேர்தல் தோல்விக்குப் பின் கன்சர்வேடிவ் கட்சியில் சேர்ந்தார். 1946 முதல் 1955 வரை அதன் தலைமை அமைப்பாளராக இருந்து, 1951 வெற்றிக்கு உதவினார்.

போர் முடிந்த பின்னரும் தட்டுப்பாடு நீடித்தது. போர்க்காலத்தில் தடையின்றிக் கிடைத்த ரொட்டியும் 1946 முதல் 1948 வரை பங்கிடப்பட்டது. ஜூலை 4, 1954 இல் இறைச்சி மீதான கட்டுப்பாடு நீங்கியதுடன் பதினான்கு ஆண்டுகாலப் பங்கீடு முடிவுக்கு வந்தது. அப்போதும் வுல்டன் அமைச்சராக இருந்தார். 1956 இல் ஏர்ல் பட்டம் பெற்றார். 1959 இல் இவரது நினைவுக் குறிப்புகள் நூலாக வெளிவந்தன. 1964 இல் சசெக்சு பகுதியிலுள்ள வால்பர்டனில் காலமானார்.