சூளையில் முதலிடம் எதற்கு?

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடம் நடத்தும் எவரும் சூளையின் முன் நின்று ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். இந்த முறை அகல் விளக்குகளை அடுக்குவதா, பொம்மைகளை அடுக்குவதா, மின்கம்பங்களுக்கான இன்சுலேட்டர்களை அடுக்குவதா? சூளையின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. எரிபொருளுக்கு விலை உண்டு. எல்லாவற்றையும் ஒரே வேளையில் சுட இயலாது.

இன்றைய மென்பொருள் நிறுவனங்கள் அஜைல் என்னும் பெயரில் பின்பற்றும் முறையின் அடிப்படையும் இதுவே. பயனாளரின் தேவைகளைப் பட்டியலிட வேண்டும். அவற்றுள் முதலில் செய்ய வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய அளவில் செய்து பார்த்துத் திருத்த வேண்டும். கணினி இல்லாத 18-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழியில் நடந்து வென்றவர், இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்.

ஸ்டஃபோர்டுஷயரின் பர்ஸ்லெம் என்ற ஊரில், பரம்பரைக் குயவர் குடும்பத்தில் 1730-இல் பிறந்தார் அவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெரியம்மை அவரது வலது முழங்காலை முடக்கியது. காலால் இயக்கும் குயவர் சக்கரத்தில் அமர்ந்து வேலை செய்வது அவருக்குக் கடினமாயிற்று. அதனால் அவருடைய கவனம் மண்ணின் கலவை, மெருகுப்பூச்சு, நிறம் ஆகியவற்றின் மீது திரும்பியது. 1768-இல் அந்தக் காலையே அகற்ற நேர்ந்தபோதும் அவரது பணி நிற்கவில்லை.

1759-இல் அவர் ஓர் ஆய்வுக் குறிப்பேட்டைத் தொடங்கினார். அதில் முதலில் இடம்பெற்றது வேதியியல் அன்று, சந்தையின் நிலை. எந்தப் பாண்டத்தின் விலை சரிந்துவிட்டது, எந்த வண்ணம் மக்களுக்குச் சலித்துவிட்டது என்பதை எழுதிவைத்தார். பாண்டத்தின் உடல், மெருகு, நிறம், வடிவம் ஆகியவற்றில் உண்மையான மேம்பாடு தேவை என்ற முடிவுக்கு வந்த பின்னரே சோதனைகளில் இறங்கினார். ஒவ்வொரு சோதனைக்கும் எண்ணிட்டார். தோல்விகளையும் பதிவு செய்தார்.

அதே ஆண்டில் சொந்தத் தொழிலையும் தொடங்கினார். பாலாடை நிறப் பாண்டத்தை அவர் படிப்படியாகச் செம்மைப்படுத்தினார். 1765-இல் அரசி சார்லட் அவரிடம் தேநீர்க் கோப்பைத் தொகுதி ஒன்றைச் செய்யப் பணித்தார். அதன் பின் அந்தப் பாண்டம் அரசியின் பெயராலேயே விற்பனைக்கு வந்தது. ஆனால், வெட்ஜ்வுட் அரண்மனையோடு நின்றுவிடவில்லை. அரசியின் மேசையில் இருப்பதைத் தம் வீட்டிலும் வைக்க விரும்பிய நடுத்தர வகுப்பாரையும் அவர் கருத்தில் கொண்டார்.

1772-இல் பிரிட்டனைக் கடன் நெருக்கடி தாக்கியது. அவருடைய கிடங்கில் சரக்கு தேங்கியது. அப்போது அவர் ஒவ்வொரு பொருளின் அடக்க விலையையும் தனித்தனியே கணக்கிட்டார். அச்சுகளுக்கும் வாடகைக்கும் எழுத்தர் சம்பளத்துக்கும் ஆகும் செலவு, பத்துப் பாண்டம் செய்தாலும் நூறு செய்தாலும் பெரிதாக மாறுவதில்லை என்று கண்டார். எனவே, விற்கக்கூடிய வடிவங்களைத் தேர்ந்து மிகுதியாகச் செய்வதே ஆதாயம் என்று உணர்ந்தார். உற்பத்தியில் முன்னுரிமையை ஊகத்தால் அன்றிக் கணக்கால் முடிவு செய்ததன் தொடக்ககாலச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அவரது பெருஞ்சாதனையான ஜாஸ்பர் பாண்டம், ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின்னர் 1770-களின் நடுவில் உருவானது. சூளையின் வெப்பத்தைக் கண்ணால் மதிப்பிடுவது போதாது என்று உணர்ந்து, களிமண் துண்டு சுருங்கும் அளவைக் கொண்டு வெப்பத்தை அளக்கும் கருவியையும் உருவாக்கினார். இதற்காக 1783-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக் கொண்டது. 1795-இல் அவர் மறைந்தார். பரிணாமக் கோட்பாட்டைத் தந்த சார்லஸ் டார்வின் அவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

விருத்தாசலத்தில் களிமண்ணுக்கும் கைத்திறனுக்கும் குறைவில்லை. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்வி நிறுவனமும் அங்கே உள்ளது. ஆனாலும், சென்ற ஆண்டு செய்ததையே இந்த ஆண்டும் செய்வது, அடுத்த கூடத்துக்காரர் செய்வதையே தாமும் செய்வது என்ற பழக்கம் எந்தச் சிறுதொழிலையும் விலைப் போட்டியில் தள்ளிவிடும். சோதனைக்கு ஒரு குறிப்பேடு, அடக்க விலைக்கு ஒரு கணக்கேடு, வாங்குவோரின் தேவைக்கு ஒரு பட்டியல். இம்மூன்றுக்கும் பெரு மூலதனம் தேவையில்லை. சூளைக்குத் தீ மூட்டும் முன், எதை முதலில் சுடுவது என்று சிந்திக்கும் சிறு பொழுதே தேவை.