விலை போகாத இசைத்தட்டு

1972-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டனில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் "பிங்க் மூன்". "இளஞ்சிவப்பு நிலா" என்று அர்த்தம்.

பாடியவர் நிக் டிரேக் என்ற வாலிபர். வயது 23. தட்டில் மொத்தம் 11 பாட்டுகள். எல்லாம் சேர்ந்து 28 நிமிஷம்தான்.

தட்டு கடையிலேயே தூங்கியது. 5 ஆயிரம் பிரதிகூட விற்கவில்லை.

இன்று அதே தட்டை உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. இடையில் நடந்தது என்ன?

ரங்கூனில் பிறந்தவர்

நிக் டிரேக் 1948 ஜூன் 19-ந் தேதி ரங்கூனில் பிறந்தார். நம் ஊர்க்காரர்கள் கப்பல் ஏறிப் போய்ப் பிழைத்தார்களே, அதே ரங்கூன்தான்! தந்தை ராட்னி, தேக்கு மர வியாபாரக் கம்பெனி ஒன்றில் என்ஜினீயர். தாய் மோலி பியானோ வாசிப்பார். தாமே பாட்டுக் கட்டி, வீட்டோடு பாடிக் கொள்வார். அக்காள் கேப்ரியல் பிற்காலத்தில் நடிகை ஆனார்.

நிக் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. டான்வொர்த் என்ற கிராமத்தில் குடியேறினார்கள்.

கேம்பிரிட்ஜுக்கு இலக்கியம் படிக்கப் போனார் நிக். ஆனால் மனம் முழுவதும் கித்தாரில்! ஊரெல்லாம் ஒரு மாதிரி சுருதி கூட்டினால், அவர் வேறு மாதிரி கூட்டுவார். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும். 1969-ல் முதல் தட்டு வந்தது. படிப்பு முடிய 9 மாதம் இருக்கும்போது கல்லூரியை விட்டுவிட்டார்.

மேடை என்றால் நடுக்கம்

இங்கேதான் வந்தது வினை. தட்டு விற்க வேண்டுமானால் பாடகர் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்ய வேண்டும். நிக்குக்கோ மேடை என்றாலே நடுக்கம். சபையோரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு பாட்டு முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பாட்டுக்குச் சுருதி கூட்டுவார். அதற்கு நேரம் பிடிக்கும். கீழே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சத்தம் அவருடைய மெல்லிய குரலை விழுங்கிவிடும். கொஞ்ச நாளில் கச்சேரியையே நிறுத்திவிட்டார்.

1971-ல் வந்த இரண்டாவது தட்டும் படுத்துவிட்டது. வாத்தியங்கள் பல சேர்த்தும் பயனில்லை.

அந்த வருஷம் அக்டோபரில், இரண்டே இரவுகளில், மூன்றாவது தட்டைப் பாடி முடித்தார். ஸ்டூடியோவில் அவரும், ஒலிப்பதிவு என்ஜினீயர் ஜான் வுட்டும் மட்டுமே. ஒரு குரல், ஒரு கித்தார். ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ. அதுதான் "பிங்க் மூன்". ஆடம்பரத்துக்குப் பழகிய காதுகள் அதைத் தாண்டிப் போய்விட்டன.

அதற்குள் மனச்சோர்வு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு பெற்றோர் வீட்டுக்கே வந்துவிட்டார். 1974 நவம்பர் 25-ந் தேதி, வெகு நேரமாகியும் எழவில்லையே என்று தாய் போய்ப் பார்த்தார். மகன் இறந்து கிடந்தார். வயது 26. மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது.

வாசலில் வந்தவர்கள்

சில வருஷம் சென்றது. முன்பின் தெரியாத வாலிபர்கள் டான்வொர்த் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நிக்கின் பாட்டைக் கேட்டவர்கள்! பெற்றோர் அவர்களை உள்ளே அழைத்து உபசரித்தார்கள். மகனின் அறையைக் காட்டினார்கள். வீட்டில் அவர் பாடிவைத்த நாடாக்களைப் பிரதி எடுத்தும் கொடுத்தார்கள்.

1980-களில் "மாற்று ராக்" என்ற புதுமாதிரிச் சங்கீதம் தலையெடுத்தது. "ஆர்.இ.எம்." கோஷ்டியின் பீட்டர் பக், "தி கியூர்" கோஷ்டியின் ராபர்ட் ஸ்மித் போன்றவர்கள் நிக்கின் பெயரைச் சொன்னார்கள். ராட்னி 1988-லும், மோலி 1993-லும் காலமானார்கள்.

1999-ல் அமெரிக்க டெலிவிஷனில் ஒரு கார் விளம்பரம் வந்தது. நிலவு வெளிச்சத்தில் நாலு இளைஞர்கள் காரில் போகிறார்கள். பேச்சே இல்லை. "பிங்க் மூன்" பாட்டு மட்டும் கேட்கிறது. விருந்து நடக்கும் வீடு வருகிறது. உள்ளே ஒரே கூச்சல்! இறங்க மனமில்லாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பார்த்த ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். அமெரிக்காவில் வருஷத்துக்குச் சில ஆயிரம் விற்று வந்த தட்டு, 2000-ல் 70 ஆயிரத்தைத் தாண்டியது. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

தாய் மோலி வீட்டோடு பாடிய பாட்டுகளையும் ராட்னி அந்தக் காலத்திலேயே பதிவு செய்து வைத்திருந்தார். மோலி இறந்து பல வருஷங்கள் சென்றபின் அவையும் தட்டாக வெளிவந்தன.