தீப்பெட்டி மன்னர் இவார் குரூகர்

ஹேடோவில் இருந்து பாலத்தைத் தாண்டினால் சாத்தம் மர ஆலை. 1883-ல் தொடங்கிய ஆலை அது. அந்தமான் மரத்தைத் தேடி வந்தவர்களில் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்களும் உண்டு. இங்குள்ள பப்பிதா மரம் தீக்குச்சி சீவ ஏற்றது. விம்கோ கம்பெனி போர்ட் பிளேரிலேயே தீக்குச்சி ஆலை நடத்தியது. அந்தக் கம்பெனிக்கு வித்திட்டவர், சுவீடன் நாட்டின் இவார் குரூகர்.

என்ஜினீயர்

குரூகர் 1880-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி கால்மார் என்ற ஊரில் பிறந்தார். தந்தைக்குத் தீப்பெட்டித் தொழில். மகனோ என்ஜினீயருக்குப் படித்து, அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா என்று பல நாடுகளில் வேலை பார்த்தார். 1908-ல் பால் டோல் என்பவருடன் கூட்டு சேர்ந்து கட்டிடக் கம்பெனி தொடங்கினார். 1917-ல் சுவீடனின் தீப்பெட்டி ஆலைகளை ஒரே கம்பெனியாக இணைத்தார்.

முதல் உலகப்போருக்குப் பின் பல அரசாங்கங்களின் கஜானா காலி. குரூகர் அவற்றுக்குக் கடன் கொடுத்தார். பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோக உரிமையை வாங்கிக்கொண்டார். 1929-ல் ஜெர்மனிக்கு அவர் ஒப்புக்கொண்ட கடன் 12½ கோடி டாலர்!

இந்தியாவில் சோதனை

இந்தியாவில் அந்த வித்தை பலிக்கவில்லை. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி குரோசுக்கு ஒன்றரை ரூபாய் ஆயிற்று. சுவீடன் சரக்கைக் கப்பலில் அனுப்பிக் கட்டுபடியாகாது. எனவே 1923-ல் விம்கோ பிறந்தது. பம்பாயை அடுத்த அம்பர்நாத்திலும், பிறகு கல்கத்தா, பரேலி, சென்னை திருவொற்றியூரிலும் ஆலைகள் எழுந்தன.

தொல்லைகள் தொடர்ந்தன. சுவீடனில் தீக்குச்சிக்கு உதவும் மரம் இங்கே கிடையாது. இலவ மரம், அந்தமான் பப்பிதா என்று புது மரம் தேட வேண்டியதாயிற்று. விலையைக் குறைத்துத் தங்களை நசுக்குவதாக உள்நாட்டு முதலாளிகள் புகார் செய்தனர். சுங்கவரி வாரியம் விசாரித்து 1928-ல் அறிக்கை கொடுத்தது.

எதிர்பாராத போட்டி சிவகாசியில் இருந்து வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினார்கள். வறண்ட பூமி, குறைந்த முதல், கைவேலை. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். கூலியோ சொற்பம். அந்த விலைக்கு இயந்திரத்தால் ஈடுகொடுப்பது கடினம்.

பாரிசில் முடிவு

உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கு மேல் குரூகர் கையில் இருந்தது. ஆனால் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைத்து வந்தார். பொருளாதார மந்தம் வந்ததும் கடன் கிடைக்கவில்லை. 1932 மார்ச் 12-ந் தேதி பாரிசில் தம் வீட்டில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து பிணமாகக் கிடந்தார். வயது 52. அவர் பெட்டகத்தில் இருந்த இத்தாலி அரசாங்கப் பத்திரங்கள் போலி என்று பிறகு தெரிந்தது. அவரை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர்.

விம்கோ மட்டும் சாயவில்லை. இங்கே இருந்தது வெறும் பத்திரம் அல்ல. மரம், இயந்திரம், பாடுபடும் தொழிலாளர்கள். முதலாளி மறைந்து 73 ஆண்டுகள் கழித்து, 2005-ல்தான் அது சுவீடன் கையை விட்டு ஐ.டி.சி. கம்பெனிக்குப் போயிற்று.