தேசத்துரோக வழக்கு... ஆனா தீர்ப்பே வரல! திருவையாறு ஜி.சுப்ரமணிய ஐயருக்கு என்ன நடந்தது?

தாராசுரம் கோயிலைப் பார்த்துட்டு தஞ்சாவூர் பக்கம் கிளம்புறவங்க, அப்படியே திருவையாறுக்கும் ஒரு எட்டு போவாங்க. தியாகராஜர் சமாதி, அசோகா அல்வான்னு ஊருக்குப் பல அடையாளம் இருக்கு. 1855-ல் அங்கே பிறந்த ஜி.சுப்ரமணிய ஐயரைத்தான் பலருக்கும் தெரியாது.

யார் இவர்?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் இந்திய நீதிபதியாக டி.முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. பதில் சொல்ல இந்தியர்களுக்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்று, 1878 செப்டம்பர் 20-ல் நண்பர்களோடு 'தி இந்து'வைத் தொடங்கினார். அப்போ அவருக்கு வயசு 23 தான். கையில் காசில்லை, கடன் வாங்கி அச்சடித்தது 80 பிரதிகள். 1882-ல் தமிழில் 'சுதேசமித்திரன்'. பாரதியார் உதவி ஆசிரியராக இருந்தது இங்கேதான்.

விதவையான தன் மகளுக்கு 1889-ல் மறுமணம் செய்துவைத்தவர். உறவுகள் ஒதுக்கியும் பின்வாங்கல.

1908-ல் என்ன நடந்தது?

ஜூலையில் வ.உ.சிக்கு நெல்லையில் ஆயுள் தண்டனை. அடுத்த மாதமே, 'சுதேசமித்திரன்' கட்டுரைகளுக்காக 124ஏ பிரிவில் குற்றாலத்தில் ஐயர் கைது. ஏற்கெனவே நோயாளி. சிறையில் உடம்பு இன்னும் மோசமானது. கடைசியில், இனி அப்படி எழுத மாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில்தான் வெளியே வந்தார்.

கோழைத்தனம்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. ஆனா ஒரு மாசம் முன்னாடி வந்த வ.உ.சி தீர்ப்பு கண்ணு முன்னாடி இருக்கும்போது, நோயாளி ஒருத்தர் வேற என்ன செய்ய முடியும்?

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

1979-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில், 19-வது பிரிவு கருத்துரிமை. 14-வது பிரிவு நியாயமான விசாரணை. குற்றம் நிரூபணமாகும் வரை நிரபராதிதான், யாரையும் வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைக்கக் கூடாது என்கிறது. ஐயர் விஷயத்தில் சிறையே தண்டனையாகி, எழுத்தும் அடங்கிப்போச்சு.

124ஏ-வை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 'ராஜதுரோகம்' என்ற சொல் இல்லை. ஆனா 152-வது பிரிவு அதே வேலையைச் செய்யும் என்ற விமர்சனம் இருக்கு.

1916 ஏப்ரல் 18-ல் ஐயர் மறைந்தார். அந்தக் கட்டுரைகள் குற்றமா, இல்லையான்னு கடைசி வரைக்கும் எந்த நீதிபதியும் சொல்லல.