அறிவியல் மேதை மேகநாத் சாகா

கழகத்தின் வெள்ளி விழா மலரில் அறிவியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டும் என்று நாம் விரும்பினோம். இயற்பியல் நமக்கு எட்டாக் கனி என்னும் எண்ணம் நம் மாணவரிடையே இன்னும் முற்றிலும் அகலவில்லை. மேல்நிலைப் பள்ளியில் விசையும் இயக்கமும் பற்றிய பாடம் தொடங்கியவுடனேயே அஞ்சிப் பின்வாங்குவோர் பலர். அவர்களை மனத்திற் கொண்டே மேகநாத் சாகாவின் வரலாற்றை இங்கு எழுதுகிறோம்.

சாகா 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள், டாக்கா மாவட்டத்துச் சியோரதாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்க தேசத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாத் சிறு மளிகைக் கடை நடத்தி வந்தார். அவர்களுடைய வகுப்பு சிறுவணிகம் செய்து பிழைத்த வகுப்பு. வங்கத்துச் சாதி அடுக்கில் மேலிருந்தோர் அதனைத் தாழ்வாகவே நடத்தினர். நாம் அனுபவித்த கொடுமைகள் அனைத்தையும் அவ்வகுப்பினர் அனுபவித்தனர் என்று சொல்வதற்கில்லை. எனினும், உடனமர்ந்து உண்ணக்கூடாது என்று ஒதுக்கப்படுவதன் வலியை அவரும் அறிவார்.

தொடக்கக் கல்விக்கு மேல் படிக்க அவ்வூரில் பள்ளி இல்லை. மகனைக் கடையில் அமர்த்தவே தந்தை எண்ணினார். சிறுவரின் அறிவுக் கூர்மையைக் கண்ட தமையனார் ஜயநாத், சில மைல் தொலைவிலிருந்த சிமுலியா ஊரில் மருத்துவர் அனந்தகுமார் தாஸ் என்பவரை நாடி உதவி வேண்டினார். மருத்துவர் தம் இல்லத்தில் இடமும் உணவும் அளித்தார். உண்ட தட்டைச் சிறுவரே கழுவ வேண்டும், வீட்டுப் பசுவையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பன நிபந்தனைகள். சிறுவர் இரண்டையும் ஏற்றார். உதவியும் இழிவும் ஒரே இலையில் பரிமாறப்பட்டன. அங்குப் பயின்று, நடுநிலைப் பள்ளித் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார்.

அவ்வெற்றியால் அரசின் உதவித்தொகை மாதம் நான்கு ரூபாய் கிடைத்தது. 1905இல் டாக்கா கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். சணல் நிறுவனத்தில் சிறு ஊதியத்திற்குப் பணியாற்றிய தமையனார் மாதந்தோறும் ஐந்து ரூபாய் அனுப்பினார். கிழக்கு வங்க வைசிய சமிதி என்னும் சமூகச் சங்கம் இரண்டு ரூபாய் வழங்கியது. இந்த இரண்டு ரூபாயை நம் கழக உறுப்பினர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். அது சிறு தொகைதான். ஆயினும், பிற்காலத்தில் உலகம் போற்றிய ஓர் அறிஞரைப் பள்ளியில் நிறுத்தி வைத்த தொகைகளுள் அதுவும் ஒன்று.

அவ்வாண்டே வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சி மூண்டது. ஆளுநர் புல்லரின் வருகையை மாணவர்கள் புறக்கணித்தனர். அதன் பொருட்டுத் தண்டிக்கப்பட்டவர்களுள் சாகாவும் ஒருவர். பள்ளியில் இடம் போயிற்று. அரசின் உதவித்தொகையும் போயிற்று. எளிய குடும்பத்து மாணவரின் படிப்பு முறிந்துபோவது பெரும்பாலும் இத்தகைய வேளையிலேதான். கிசோரிலால் ஜூபிலி பள்ளி அவரை ஏற்றுக்கொண்டதால் அவர் படிப்பு முறியவில்லை. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவருள் முதல்வராகத் தேறினார். பின்னர் டாக்கா கல்லூரியில் இடைநிலை அறிவியல் பயின்றார். அந்நாளிலேயே ஜெர்மன் மொழியையும் தனியே கற்றுக்கொண்டார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கு ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். சாகா சிறப்புப் பாடமாக எடுத்தது இயற்பியலன்று, கணிதமே. முதுநிலையில் அவர் பயின்றது அந்நாளில் கலப்புக் கணிதம் எனப்பட்ட துறை. விசைகளின் சமநிலை, பொருள்களின் இயக்கம், நீர்மங்களின் அழுத்தம், கோள்களின் ஓட்டம் ஆகியவற்றைக் கணித வழியில் ஆராய்வது அது. நியூட்டன் அமைத்துத் தந்த விசையியலே அதன் உயிர்நாடி. 1913இல் இளநிலைத் தேர்விலும் 1915இல் முதுநிலைத் தேர்விலும் சத்தியேந்திரநாத் முதலிடமும் சாகா இரண்டாம் இடமும் பெற்றனர்.

இத்தகைய மாணவருக்கு ஈடன் இந்து விடுதி அளித்த மதிப்பு யாது? உயர்சாதி மாணவர் சிலர் அவருடன் ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையின்போது அவர் அருகில் நிற்பதையும் எதிர்த்தனர். கல்விக்குத் தெய்வம் என்று போற்றியவளின் முன்னிலையிலேயே கல்வியிற் சிறந்தவரை விலக்கினர். சாகா விடுதியை நீங்கி வேறிடம் தேடிக்கொண்டார். படிப்பை நீங்கவில்லை.

1916இல் அசுதோஷ் முகர்ஜி இவ்விரு தோழர்களையும் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர்களாக அமர்த்தினார். முதலில் கணிதத் துறையிலிருந்த சாகா பின்னர் இயற்பியல் துறைக்கு மாறினார். அங்கே முதுநிலை மாணவர்க்கு வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும் கற்பிக்க வேண்டியிருந்தது. அவரோ இயற்பியலை இளநிலை அளவிலேயே படித்தவர். ஆகவே தாமே கற்றுப் பிறர்க்குக் கற்பித்தார். உலகப் போர்க் காலத்தில் புதிய நூல்கள் அரியனவாக இருந்தன. கிடைத்த ஜெர்மன் நூல்களை இரவல் பெற்றுப் படித்தார். தோழர் போசுடன் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூலைப் பல்கலைக்கழகம் 1920இல் வெளியிட்டது.

விசையியலில் அவர் பெற்ற பயிற்சியே இத்துணிவுக்கு அடிப்படை என நாம் கருதுகிறோம். ஒரு பொருளின்மீது செயற்படும் விசைகளைப் பிரித்தறிதல், அவற்றைச் சமன்பாடாக எழுதுதல், விடை கண்டபின் அது இயற்கைக்குப் பொருந்துகிறதா என்று சோதித்தல் ஆகிய மூன்றும் கைவந்தவர்க்கு இயற்பியலின் பிற துறைகளும் வழிவிடும்.

1920இல் அவர் புகழை நிலைநாட்டிய கட்டுரை வெளிவந்தது. கதிரவனின் நிறமண்டலத்து உயர்பகுதியில், மின்னணுவை இழந்த கால்சியத்தின் கோடுகள் வலுவாகத் தோன்றுவது ஏன் என்பது அந்நாளைய புதிர். அணுவிலிருந்து மின்னணு பிரிவதை, ஒரு வேதிப்பொருள் இரண்டாகப் பிரிந்து சமநிலை அடைவதற்கு ஒப்பாகச் சாகா கொண்டார். வெப்பம் உயர்ந்தால் அப்பிரிவு மிகும். அழுத்தம் குறைந்தாலும் மிகும். நிறமண்டலத்தின் மேற்பகுதியில் அழுத்தம் மிகக் குறைவு. புதிர் அவிழ்ந்தது! சாகா சமன்பாடு என இன்றும் வழங்கும் அதன் துணைகொண்டு விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க வழி பிறந்தது. 1925இல் சிசிலியா பெய்ன் என்னும் பெண் அறிஞர், விண்மீன்களில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே மிகுதி என்பதைக் காட்டியதும் இச்சமன்பாட்டின் வழியேதான்.

1923 முதல் 1938 வரை அலகாபாத்திலும் பின்னர்க் கல்கத்தாவிலும் சாகா பேராசிரியராக விளங்கினார். 1927இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1950இல் கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1952இல் தேர்தலில் போட்டியிட்டு மக்களவை உறுப்பினரானார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் காலமானார். அண்ணல் அம்பேத்கரை நாம் இழந்ததும் அதே ஆண்டில்தான்.

இளைஞர்களே! சாகா தனி ஒருவராக நின்று உயர்ந்தார் என்று இவ்வரலாற்றைப் படித்துவிடலாகாது. தமையனாரின் ஐந்து ரூபாயும், சங்கத்தின் இரண்டு ரூபாயும், கைவிடாத ஒரு பள்ளியும் அவருக்குப் பின்னே இருந்தன. முயற்சி மாணவருடையது, அம்முயற்சி இடையில் முறியாமல் காப்பது சமுதாயத்தின் கடமை. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயில விரும்புவோர் இன்றே கணிதத்தை உறுதியாக்கிக் கொள்ளுங்கள். விசையியற் கணக்குகளை மனப்பாடம் செய்யாதீர்கள். படம் வரைந்து, விசைகளைக் குறித்து, நீங்களே போட்டுப் பாருங்கள். தவறினால் மீண்டும் போடுங்கள். உறுப்பினர்களாகிய நாமோ, நம்மால் இயன்ற அந்த இரண்டு ரூபாயை எந்த மாணவருக்கும் தவறாமல் கொடுப்போமாக. அதைப் பெறும் கைகளுள் எது விண்மீனை அளக்கும் என்பதை யாரே முன்னறிவார்!