வாளெடுக்காத படை வல்லுநர்: சர் பி. எஸ். சிவசாமி ஐயர்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பேருந்தில் செல்வோர் அவற்றை எண்ணிக்கொண்டே செல்வர். நடந்து ஏறுவோர்க்கு எண்ணத் தோன்றாது. மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும். பல்லாண்டுகளுக்கு முன் தேசிய மாணவர் படை மாணவர்களை அழைத்துக்கொண்டு அம்மலையில் முகாமிட்ட நாள்கள் என் நினைவில் பசுமையாக உள்ளன. அப்போது நான் கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர். மாணவர் படையில் பகுதிநேர அதிகாரி. வாரத்தில் ஐந்து நாள் சுண்ணக்கட்டி, மீதி நேரம் காக்கிச் சட்டை.

ஒரு மாலை கிரேஞ்ச் மாளிகையின் பக்கமாக நடந்து வந்தோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்து, இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த எம். டி. காக்பர்னோடு இணைத்துப் பேசப்படும் கட்டடம் அது. 1857 கிளர்ச்சியின்போது அதைக் கோட்டைபோல் அரண் செய்து, பீரங்கி ஏற்றி, ஆறு மாதத்திற்கு வேண்டிய உணவுப் பொருள்களை நிலவறையில் சேர்த்து வைத்தார்கள் என்று ஏற்காட்டில் சொல்லுவார்கள். கதை கேட்ட மாணவர் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பினார். தோட்டக்காரரும் துப்பாக்கி ஏந்தினாரென்றால் அவரும் அதிகாரியா, அவருக்கும் பதவி உயர்வு உண்டா, அதற்கும் எங்கள் பி சான்றிதழ்போல் தேர்வு உண்டா என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லப் புகுந்தபோதுதான் சிவசாமி ஐயரின் பெயர் என் வாயில் வந்தது. மாணவருள் ஒருவர்கூட அப்பெயரைக் கேட்டதில்லை. மயிலாப்பூரில் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி இருப்பதை மட்டும் ஒருவர் அறிந்திருந்தார்.

முதலில் தோட்டக்காரர் கதை. 1857-க்குப் பிறகு இந்தியாவிலிருந்த ஐரோப்பியர்கள், தொழிலை விடாமலே ஓய்வு நேரத்தில் கவாத்துப் பழகும் வாலண்டியர் படைகளாகத் திரண்டனர். தோட்டக்காரர், ரயில்வே அதிகாரி, வணிகர் எனப் பலரும் சேர்ந்தனர். இந்தியருக்கு அக்கதவு நடைமுறையில் அடைத்தே கிடந்தது. தங்களையும் வாலண்டியராகச் சேர்க்க வேண்டும் என்று காங்கிரஸ் தன் தொடக்க கால மாநாடுகளிலேயே கேட்டது, கிடைக்கவில்லை. முதல் உலகப் போரின் நெருக்கடியில், 1917இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தபோதுதான் கதவு சற்றே திறந்தது. பல்கலைக்கழக மாணவருக்கெனப் படைப்பிரிவுகள் தோன்றின. இன்றைய தேசிய மாணவர் படையின் பாட்டனார் அந்தப் பிரிவுகள்தாம். அந்த ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் சிவசாமி ஐயர்.

அவர் 1864 பிப்ரவரி 7ஆம் நாள் தஞ்சை மாவட்டம் பழமார்நேரியில் பிறந்தார். தஞ்சையில் பள்ளிப் படிப்பு. பின்னர்க் கும்பகோணம் அரசினர் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி. நம்மைப்போல் அரசுக் கல்லூரியில் படித்தவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு பெருமை. 1885இல் வக்கீலானார். சட்டக் கல்லூரியில் சில காலம் பாடம் சொன்னார். மதராஸ் லா ஜர்னல் இதழின் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தார். 1907இல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல். 1912 முதல் 1917 வரை கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர். சென்னையில் 1916 முதல் 1918 வரை துணைவேந்தர். அடுத்து காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர். மிதவாதக் கட்சியினர். சிறை சென்றவரல்லர்; மேடை அதிரப் பேசியவருமல்லர். அதனால்தானோ என்னவோ நம் பாடநூல்கள் அவரை ஓரமாக விட்டுவிட்டன.

இத்தகைய சட்ட நிபுணருக்கும் பட்டாளத்திற்கும் என்ன தொடர்பு? துப்பாக்கி பிடித்துப் பழகியவரல்லர், படையில் ஒரு நாள்கூடப் பணியாற்றியவரல்லர். ஆனால் படைச் செலவுக் கணக்கையும் குழுக்களின் அறிக்கைகளையும் படைச் சட்ட விதிகளையும், ஒரு வழக்குக் கட்டைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்தார். ஒரு நாடு தன்னைத் தானே ஆள விரும்பினால் தன்னைத் தானே காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். காக்கத் தெரியாதவர்க்குச் சுயாட்சி எதற்கு என்று ஆள்வோர் கேட்பர். காக்கக் கற்றுக்கொடுக்கவும் மறுப்பர். இந்த முரணை அவர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். டில்லி சட்டசபையில் படைத்துறைப் பிரபுக்களுக்கு அவர்களுடைய விதிகளையே எடுத்துக்காட்டக்கூடிய இந்தியர் அன்று மிகச் சிலரே; அவருள் முதல் வரிசையில் நின்றவர் இவர்.

1920இல் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று ஆக்சிலரி படைச் சட்டம். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியது. மற்றொன்று இந்திய டெரிடோரியல் படைச் சட்டம்; இந்தியருக்கு. இரண்டுமே பகுதிநேரப் படைகள். ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயர் சேரக்கூடியது முதலாவது. மலைக்குக் கீழே சேலம் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து வாதாடிய இந்திய வக்கீல் சேரக்கூடியது இரண்டாவது. தொழில் இருவருக்கும் வேறு இருக்கிறது. ஓய்வு நேரத்தைத்தான் இருவரும் படைக்குத் தருகிறார்கள். ஆயினும் மன்னரின் கமிஷன் பெற்றவருக்குக் கீழ்ப்பட்ட நிலையே இந்திய அதிகாரிக்கு வாய்த்தது. பதவி மேலானதாயினும், வயது கூடியதாயினும், பயிற்சி மிகுந்ததாயினும் வரிசை மட்டும் மாறாது.

இங்கே மாணவர் கேட்ட தேர்வுக்கு வருகிறேன். பகுதிநேர அதிகாரி பதவி உயர்வு பெறுவது, முழுநேரச் சிப்பாய் பெறுவதைவிட ஒரு வகையில் கடினம். ஆண்டுக்குச் சில வாரங்களே பயிற்சி. அந்தச் சில வாரங்களில் கவாத்து, ஆயுதம், நிலப்பட வாசிப்பு, படைச் சட்டம், நிர்வாகம், களத்தில் ஒரு சிறு படையை நடத்தும் முறை ஆகிய அனைத்திலும் தேறிக் காட்ட வேண்டும். இல்லாவிடில் தோளில் நட்சத்திரம் ஏறாது. இதில் தவறேதும் இல்லை. தகுதியற்றவர் கையில் நாற்பது பேரின் உயிரை ஒப்படைப்பது எப்படி? தேர்வு வேண்டியதே. தேர்வில் தேறிய பிறகு இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறோமா என்பதுதான் சிவசாமி ஐயர் எழுப்பிய கேள்வி. ஒருவரை முன்னும் ஒருவரை நிரந்தரமாகப் பின்னும் நிறுத்துவதென்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், தேர்வு எதற்கு?

அதற்கான மேடை 1921 மார்ச்சில் அமைந்தது. எஷர் பிரபுவின் தலைமையிலான குழு இந்தியப் படையைப் பற்றி ஓர் அறிக்கை அளித்திருந்தது. அதன் போக்கு, இந்தியர் வரியில் வளரும் படையைப் பேரரசின் பொதுக் கருவியாக இலண்டனோடு பிணைத்துவிடுவது. சட்டசபை அதை ஆராய்ந்தது. அதன் மீது பதினைந்து தீர்மானங்களைக் கொண்டுவந்தவர் ஐம்பத்தேழு வயதான சிவசாமி ஐயர். இந்தியப் படையின் வேலை இந்தியாவைக் காப்பதே. படையின் எல்லாப் பிரிவுகளிலும் இந்தியருக்கு இடம் வேண்டும். ஆண்டுதோறும் வழங்கும் மன்னர் கமிஷன்களில் கால் பங்குக்குக் குறையாமல் இந்தியருக்குத் தர வேண்டும். கவர்ச்சியான நிபந்தனைகளோடு போதிய டெரிடோரியல் படையை அமைக்க வேண்டும். இவை அத்தீர்மானங்களின் சாரத்தில் சில. அவற்றிடையே, மேலோட்டமாகப் படிப்போர் தாண்டிப் போய்விடக்கூடிய ஒன்றும் இருந்தது. டெரிடோரியல் படை அதிகாரியும் ஆக்சிலரி படை அதிகாரியும் தங்களுக்குள் மூப்புக் கொள்வது, அவரவர் நியமனம் பெற்ற தேதியின்படியே இருக்க வேண்டும் என்பது அது.

வேறொன்றும் இல்லை, தேதி! நிறம் பார்க்க வேண்டா, குலம் பார்க்க வேண்டா, எந்தச் சட்டத்தின் கீழ்ச் சேர்ந்தார் என்றும் பார்க்க வேண்டா. நாள்காட்டியைப் பாருங்கள் என்றார். வக்கீல் மூளைக்கே தோன்றும் வழி இது. சமத்துவம் என்று சொன்னால் விவாதம் நீளும். தேதி என்று சொன்னால் மறுப்பவர் தாம் எதை மறுக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. சபையில் நிறைவேறுவது வேறு, படைத்தலைமையகம் நிறைவேற்றுவது வேறு. 1918 முதல் இந்தியருக்காக சாண்ட்ஹர்ஸ்டில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. கால் பங்கு என்ற கோரிக்கையோ எழுத்தளவில் நின்றது. 1923இல் படைத்தலைவர் ராலின்சன் பிரபு எட்டுப் படைப்பிரிவுத் திட்டத்தை அறிவித்தார். மன்னர் கமிஷன் பெறும் இந்திய அதிகாரிகளை எட்டே பிரிவுகளில் சேர்த்துவிடுவது என்பது அதன் உள்ளடக்கம். வெளியே பார்த்தால் இந்தியமயமாக்கும் திட்டம். உள்ளே பார்த்தால் ஆங்கிலேய அதிகாரி எவரும் இந்தியரின் கீழ்ப் பணிபுரிய நேராதபடி போட்ட வேலி. சிவசாமி ஐயர் அதைக் கடுமையாக எதிர்த்தார். போர்க்குடிகள், போர்க்குடிகளல்லாதார் என்று இந்திய மக்களைப் பிரித்து வைத்த கொள்கையையும் அவர் ஏற்கவில்லை. தென்னாட்டாருக்கு அக்கொள்கையால் விளைந்த கேடு பெரிது. பழைய மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920-களின் முடிவுக்குள் நிரந்தரப் படையில் மதராஸ் ரெஜிமெண்டே இல்லாமற் போயிற்று. அப்பெயரைக் காத்து வைத்திருந்தவை டெரிடோரியல் பட்டாளங்கள்தாம். அதாவது உழவரும் குமாஸ்தாவும் ஆசிரியரும் ஆண்டுக்குச் சில வாரம் கவாத்துப் பழகிய பகுதிநேரப் படைகள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது அவற்றைக் கருவாகக் கொண்டுதான் ரெஜிமெண்ட் மறுபடி எழுப்பப்பட்டது. பகுதிநேரப் படை விளையாட்டுப் படை என்று நகைப்போர் இதனை அறிதல் நலம்.

இரு பகுதிநேரப் படைகளுக்கும் இடையிலிருந்த இனவேற்றுமையை ஆராய 1924இல் சர் ஜான் ஷே தலைமையில் அரசே ஒரு குழு அமைக்க வேண்டி வந்தது. மூன்றாண்டுக்கு முன் சபையில் எழுப்பிய கேள்வி அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. 1931இல் இந்தியாவிலேயே படைக் கல்லூரி ஒன்று நிறுவுவது பற்றி ஆராய, படைத்தலைவர் செட்வோட் தலைமையில் குழு அமைந்தபோது சிவசாமி ஐயரும் உறுப்பினரானார். பெரும்பான்மையினரின் முடிவுகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. குவாலியரைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் ராஜ்வாடேயும் இவரும் சேர்ந்து தனியே மறுப்புரை எழுதினர். அறுபத்தேழு வயதுக் கிழவர், படைத்தலைவரின் முகத்துக்கு நேரே மாறுபட்டு எழுதினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மறு ஆண்டு 1932இல் டேராடூனில் இந்திய இராணுவக் கல்விக்கழகம் திறக்கப்பட்டது.

அவருடைய வாழ்வின் மற்றப் பகுதிகளை விரிக்க இடமில்லை. 1922இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தார். தம் செல்வத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கே கொடுத்தார். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பள்ளி அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1946 நவம்பர் 5ஆம் நாள் மறைந்தார்.

இன்னும் ஒன்பது மாதம் இருந்திருந்தால் சுதந்திரத்தைப் பார்த்திருப்பார். அவர் மறைந்த ஆண்டிலேதான் மாணவர் படை பற்றி ஆராய ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் குழு அமைந்தது. 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டமும் பிரதேச இராணுவச் சட்டமும் வந்தன. 1949 அக்டோபர் 9ஆம் நாள் பிரதேச இராணுவத்தைத் தொடங்கி வைத்த கவர்னர் ஜெனரல், ஒரு காலத்தில் சேலம் நகரசபைத் தலைவராக இருந்த இராஜாஜி. அச்சட்டத்தின் கீழ்ப் பகுதிநேர அதிகாரியாக விரும்புவோர் சொந்தத் தொழிலில் இருந்துகொண்டே எழுத்துத் தேர்வும் நேர்காணலும் கடந்து லெப்டினன்டாகச் சேரலாம். குறித்த தகுதிகளைப் பெற்றால் லெப்டினன்ட் கர்னல் வரை கால அளவின்படி உயர்வு. அதற்கு மேல் தேர்ந்தெடுப்பு. ஆக்சிலரி என்றோர் இரண்டாம் வாசல் இல்லை.

நானும் கேம்ப்டியில் பயிற்சி பெற்றவன். வகுப்பறையில் முசோலினியைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, நிலப்படத்தில் வடக்கைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் எழுத்துத் தேர்வுக்கு முந்திய இரவு தூக்கம் வரவில்லை. தேறினேன். அவ்வளவுதான் சொல்வேன்.

ஏற்காட்டு முகாமின் கடைசி நாள் அணிவகுப்புக்கு முன் அதிகாரிகளின் பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கமிஷன் பெற்ற தேதி. என் பெயர் ஐந்தாவது. நான்காமவர் என்னைவிட ஆறு வயது இளையவர். சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சி ஆசிரியர். எனக்கு எட்டு மாதம் முன்னதாகக் கமிஷன் பெற்றவர். ஐயம் கேட்ட அந்த மாணவர் பட்டியலை உற்றுப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. ஆசிரியர் தமக்குரிய இடத்தில் நின்றார். நான் அவருக்கு அடுத்து நின்றேன்.